பால் போதவில்லை என்று சொல்வதற்கு முன்

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். தலைப்பிரசவம், சுகப்பிரசவம், ஆண் குழந்தை. பிறந்தபோது 3.1 கிலோ, நான்காம் நாள் எடை போட்டதில் 2.9 கிலோ. இரவெல்லாம் மணிக்கொரு தரம் எழுந்து அழுகிறானாம். "உனக்குப் பால் பற்றவில்லை, பிள்ளை இளைத்துவிட்டான், பவுடர் பால் வாங்கி வரச் சொல்லட்டுமா?" என்று மாமியார் கேட்கிறார். பக்கத்து வீட்டு அம்மாவும் அதையே சொல்கிறார். "உண்மையிலேயே எனக்குப் பால் இல்லையா? தாய்ப்பால் பிள்ளைக்கு நல்லது என்று எல்லாரும் சொல்கிறார்கள், எனக்கு அதனால் ஏதாவது உண்டா? ஆறு மாதம் கழித்து சிப்காட்டில் வேலைக்குத் திரும்ப வேண்டும், அப்போது என்ன செய்வது?" இவைதான் அவருடைய கேள்விகள்.

அம்மா, கடலூர் மாவட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பிள்ளை பெற்ற வீட்டுக்குள் நுழைந்தால் என் கண் முதலில் போவது கொல்லைப்புறத்துத் துணிக்கொடிக்குத்தான். பழைய வேட்டியைக் கிழித்து மடித்த துணிகள் எத்தனை காய்கின்றன என்று எண்ணுவேன். பிள்ளை எவ்வளவு குடித்தது என்பதைத் தாயின் மார்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. பிள்ளை நனைத்த துணியைப் பார்த்துச் சொல்லலாம். முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று என்று சிறுநீர் கூடிக்கொண்டே வந்து, ஐந்தாம் நாளிலிருந்து இருபத்துநான்கு மணி நேரத்தில் ஆறு துணிக்குக் குறையாமல் நனைந்தால் பால் போதுகிறது என்று பொருள். முதல் இரண்டு நாள் தார் போலக் கறுப்பாகப் போகும் மலத்தைப் பெரியவர்கள் காட்டுப்பீ என்பார்கள். அது பச்சையாக மாறி, நான்காம் ஐந்தாம் நாளில் கடுகு மஞ்சளாக, தளதளவென்று வந்துவிட்டால் பால் உள்ளே போய் வேலை செய்கிறது. இப்போது எல்லாரும் டயாப்பர் போடுகிறார்கள். நான்கு முறை நனைந்தாலும் அது உலர்ந்ததுபோலவே தெரியும். முதல் இரண்டு வாரமாவது துணி கட்டுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

எடைக்கு வருகிறேன். 3.1 கிலோவில் 200 கிராம் குறைந்திருக்கிறது, அதாவது ஆறரை சதவீதம் அளவுக்கு. வயிற்றுக்குள் நீரில் மிதந்துகொண்டிருந்த பிள்ளை வெளியே வந்ததும் முதல் சில நாளில் எடை இழப்பது இயல்பு. ஏழு சதவீதம் வரை பெரும்பாலான குழந்தைகளுக்குக் குறையும். அதைத் தாண்டினால் பால் குடிக்கும் விதத்தை ஒருவர் அருகிலிருந்து பார்க்க வேண்டும், பத்து சதவீதத்தை நெருங்கினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இழந்த எடை பத்து முதல் பதினான்கு நாளில் திரும்ப வந்துவிடும். உங்கள் பிள்ளை இளைத்துவிடவில்லை.

அப்படியானால் இரவில் ஏன் மணிக்கொரு தரம் எழுகிறான்? அவன் வயிறு அவ்வளவுதான் கொள்ளும். பிறந்த அன்று ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி அளவே போதும். தாய்ப்பால் சீக்கிரம் செரித்துவிடுவதால் நாளொன்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை கேட்பான், சில நேரம் அடுத்தடுத்துக் கேட்பான். உங்கள் உடம்பில் பால் சுரக்கச் சொல்லும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் இரவில்தான் கூடுதலாக ஊறுகிறது. அதனால் இந்த வாரத்து இரவுப் பால்தான் அடுத்த வாரத்துப் பகல் பாலுக்கு அடித்தளம். பிள்ளை எவ்வளவு இழுத்துக் குடிக்கிறதோ அவ்வளவு ஊறும். பால் மார்பிலேயே தேங்கி நின்றால் "போதும், குறைத்துக்கொள்" என்று சுரப்பைத் தடுக்கும் ஒரு பொருள் அந்தப் பாலிலேயே இருக்கிறது. ஊற்றுக்கிணறு போல என்று என் அத்தை சொல்வார்: இறைக்க இறைக்க ஊறும், இறைக்காமல் விட்டால் தூர்ந்துபோகும்.

பவுடர் பால் செய்வது இதுதான். இரவு பத்து மணிக்கு ஒரு புட்டி கொடுத்தால் பிள்ளை மூன்று நான்கு மணி நேரம் அயர்ந்து தூங்கும். வீட்டில் எல்லாரும் "பார்த்தாயா, பசிதான்" என்பார்கள். அந்த நேரத்தில் மார்பில் பால் தேங்கும், சுரப்பு குறையும். மறுநாள் உண்மையிலேயே குறைவாக வரும். இன்னொரு புட்டி சேரும். இரண்டு வாரத்தில் "அன்றைக்கே சொன்னேனே, இவளுக்குப் பால் இல்லை என்று" என்ற பேச்சு உண்மையாகிவிடும். பால் இல்லாததால் புட்டி வந்தது என்று என்னிடம் சொன்ன தாய்மாரிடம் எந்த நாளில் எது நடந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலான வீடுகளில் புட்டிதான் முதலில் வந்திருந்தது. உண்மையிலேயே சுரப்பு குறைவான தாய்மார்களும் உண்டு. தைராய்டு குறைபாடு, பிரசவத்தில் மிகுந்த இரத்தப்போக்கு, மார்பில் முன்பு செய்த அறுவை சிகிச்சை என்று அதற்குக் காரணங்கள் இருக்கும். அவர்கள் சிலரே. அவர்கள் பிள்ளைக்கு மருத்துவர் சொல்லும் அளவில் மாற்றுப்பால் கொடுப்பதில் எந்தக் குற்றமும் இல்லை. உங்கள் கடிதத்தில் அப்படிப்பட்ட அடையாளம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

இனி எல்லாவற்றையும்விட முக்கியமானது: பிள்ளை மார்பைப் பிடிக்கும் விதம். இதைச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. பிரசவ வார்டில் நேரம் இல்லை, வீட்டில் வெட்கம்.

தேவனாம்பட்டினத்தில் ஒரு வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். பத்தொன்பது வயதுப் பெண், ஆறாம் நாள். காம்பு வெடித்து இரத்தம் கசிந்திருந்தது. பிள்ளையை மார்பிடம் கொண்டுபோகும்போதே அவள் தோள்கள் காதுவரை உயர்ந்துவிடும், கண்ணை இறுக மூடிக்கொள்வாள். பிள்ளை காம்பின் நுனியை மட்டும் உதட்டால் கவ்வி, கன்னம் குழிந்து குழிந்து, 'ப்ச் ப்ச்' என்று சத்தத்தோடு இழுத்துக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடத்தில் களைத்துத் தூங்கியது, பத்து நிமிடத்தில் அழுதது. நான் செய்தது அதிகமில்லை. அவள் முதுகுக்கு ஒரு தலையணை, கைக்கு ஒரு தலையணை வைத்தேன். குனிந்து மார்பைப் பிள்ளையிடம் கொண்டுபோகாதே, பிள்ளையை மார்பிடம் கொண்டு வா என்றேன். பிள்ளையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டியிருக்க, தலையும் முதுகும் ஒரே கோட்டில் இருக்கப் பிடித்துக்கொண்டோம். காம்பால் பிள்ளையின் மேலுதட்டை மெல்ல வருடியதும் அது கொட்டாவி விடுவதுபோல வாயை அகலத் திறந்தது. அந்த நொடியில் முகவாய் மார்பில் பதியும்படி அணைக்கச் சொன்னேன். காம்பு மட்டுமல்லாமல் அதைச் சுற்றிய கருவட்டத்தின் பெரும்பகுதி, குறிப்பாகக் கீழ்ப்பகுதி, வாய்க்குள் போனது. கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருந்தது. முதலில் வேகமாகச் சில இழுப்புகள். பிறகு தாடை மெதுவாக, ஆழமாக இறங்கி ஏறியது. ஒவ்வோர் இறக்கத்துக்கும் தொண்டையில் 'க்' என்று ஒரு மெல்லிய விழுங்கல். அந்தப் பெண்ணின் தோள்கள் இறங்கின. "வலிக்கவில்லையே" என்றாள், ஏதோ நடக்கக்கூடாதது நடந்ததுபோல.

அந்த 'க்' சத்தத்தைத்தான் நீங்கள் இன்று இரவு காதுகொடுத்துக் கேட்க வேண்டும். கன்னம் குழிந்தால், நாக்கு சொடுக்கும் சத்தம் வந்தால், பால் குடித்து முடித்தபின் காம்பு உதட்டுச்சாயக் குச்சியின் முனைபோலச் சாய்வாக நசுங்கியிருந்தால், பிடி சரியில்லை. சுண்டுவிரலைப் பிள்ளையின் வாய்க்கடையில் மெதுவாக நுழைத்து விடுவித்து, மறுபடி வையுங்கள். முதல் சில நொடி ஒரு கூச்சம் இருக்கலாம். நீடித்த வலி இருக்கக்கூடாது. வலித்தால் பொறுத்துக்கொள் என்று சொல்வது தவறான அறிவுரை. ஒரு பக்கம் தானாக விடும்வரை குடிக்கட்டும். தொடக்கத்தில் வரும் பால் சற்று நீர்த்திருக்கும், போகப்போகக் கொழுப்பு கூடும். பிறகு அடுத்த பக்கம் காட்டுங்கள். கடிகாரம் பார்த்து நிறுத்த வேண்டாம்.

"அழுத பிள்ளை பால் குடிக்கும்" என்பது பழமொழி. பிள்ளை விஷயத்தில் அழுகை பசியின் கடைசி அறிகுறி. அதற்கு முன்பே தலையை இப்படியும் அப்படியும் திருப்பும், வாயைத் திறந்து தேடும், கையை வாயில் வைத்துச் சப்பும். அப்போதே மார்பில் விடுங்கள். வீறிட்டு அழும் பிள்ளைக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், சரியாகப் பிடிக்காது. அப்படி அழுதுவிட்டால் முதலில் ரவிக்கையைத் தளர்த்தி, வெற்று மார்பில் தோலோடு தோலாகப் படுக்கவைத்து அமர்த்திவிட்டு அப்புறம் கொடுங்கள்.

நான்காம் நாள் என்பதால் இன்னொன்று. இந்த ஓரிரு நாளில் மார்பு கல்லாகக் கனத்துப் பால் கட்டிக்கொள்ளலாம். பால் இறங்கும் நேரம் இது. கொடுக்கும் முன் வெதுவெதுப்பான துணியால் ஒற்றி, கருவட்டத்தைச் சுற்றிச் சிறிது கையால் பீய்ச்சி மென்மையாக்கிவிட்டுக் கொடுங்கள். கொடுத்தபின் குளிர்ந்த துணி போடலாம். காய்ச்சலோடு மார்பில் ஓரிடம் சிவந்து வலித்தால் மருத்துவரைப் பாருங்கள். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால்தான் சீழ் பிடிக்க வாய்ப்பு அதிகம்.

சீம்பாலைப் பற்றி ஆதங்கத்தோடு ஒன்று சொல்ல வேண்டும். மாடு கன்று போட்டால் சீம்பாலைச் சொம்பில் வாங்கி வந்து, வெல்லம் ஏலக்காய் போட்டு வேகவைத்து, தெருவுக்கே பங்கு கொடுப்போம். அதே வீட்டில், பிள்ளை பெற்ற பெண்ணின் முதல் மஞ்சள் பாலை "கெட்டுப்போன பால்" என்று பீய்ச்சிக் கொட்டச் சொல்லி, பிள்ளையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரையோ கழுதைப்பாலையோ தொட்டு வைப்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இது அன்றாடக் காட்சி. இப்போது வெகுவாகக் குறைந்திருக்கிறது, முழுவதும் போகவில்லை. அந்தக் கொஞ்சமான மஞ்சள் பாலில் நோயை எதிர்க்கும் புரதங்கள் செறிந்திருக்கின்றன. குடலின் உட்சுவரில் பூச்சு பூசியதுபோலப் படிந்து கிருமி ஒட்டவிடாமல் தடுக்கும் எதிர்ப்புப் புரதம் அதில் மிகுதி. அதனால்தான் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் விட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சொல்கின்றன. உங்கள் பிள்ளைக்கு அது கிடைத்திருந்தால் முதல் தடுப்பூசி போட்டதுபோலத்தான்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். தண்ணீர்கூட வேண்டாம். கடலூர் அக்னி நட்சத்திர வெயிலில் இதைச் சொன்னால் பெரியவர்களுக்கு மனம் ஒப்பாது, பிள்ளைக்கு நா வறளாதா என்பார்கள். தாய்ப்பாலில் நூற்றுக்கு எண்பத்தேழு எண்பத்தெட்டு பங்கு தண்ணீர்தான். வெயில் கூடினால் பிள்ளை கூடுதல் முறை கேட்கும், அவ்வளவுதான். கிரைப் வாட்டர், வசம்பு, உரை மருந்து, தேன் எதுவும் இப்போது வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு நரம்புத் தளர்ச்சியை உண்டாக்கும் கொடிய நோயைத் தரும். மருத்துவர் எழுதிக் கொடுக்கும் வைட்டமின் டி சொட்டு, நாளொன்றுக்கு 400 யூனிட், இதற்கு விலக்கு. குளிப்பாட்டும்போது பிள்ளையின் மார்பு வீங்கியிருக்கிறது என்று பிதுக்கிப் பால் எடுக்கும் வழக்கமும் இருக்கிறது. தாயின் ஹார்மோனால் வரும் வீக்கம் அது, தானே வற்றிவிடும். பிதுக்கினால் சீழ் பிடிக்கும். தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

ஆறு மாதத்துக்குப் பிறகு கூழ், குழைந்த சோறு, பருப்பு, முட்டை என்று தொடங்கி, அதோடு இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் பால் தொடரலாம்.

உங்கள் சாப்பாடு. நம் கடற்கரைப் பக்கம் பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு இல்லாமல் பத்தியம் முடியாது. கடலூர் முதுநகர்ப் பக்கத்தில் பால் சுறா வந்திருக்கிறது என்றால், வீட்டில் பிள்ளை பெற்றவள் இருப்பவர்கள் அதிகாலையிலேயே போய் வாங்கிவிடுவார்கள். காரப்பொடி மீன் குழம்பு, பூண்டுக் குழம்பு, முருங்கைக் கீரை என்று அந்த அன்பு ஒரு பட்டியலாகவே வரும். இவற்றால் பால் சுரப்பு கூடும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆனால் புரதமும் இரும்புச்சத்தும் உங்களுக்குத் தேவைதான், ஆசையாகச் சாப்பிடுங்கள். சுறாவில் மட்டும் ஓர் எச்சரிக்கை: மற்ற மீன்களைத் தின்று வளரும் மீன் என்பதால் அதன் உடம்பில் பாதரசம் சேர்கிறது, தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் தவிர்க்க வேண்டிய மீன்களில் அதையும் வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் மத்தி, நெத்திலி, காரப்பொடி போட்டுக்கொள்ளுங்கள், சத்தில் குறைவு வராது. பாலூட்டும் முதல் ஆறு மாதத்தில் வழக்கத்தைவிட நாளொன்றுக்கு 600 கலோரி அளவுக்குக் கூடுதலாக வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். இன்னொரு வேளைச் சாப்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். "பச்சை உடம்பு, தண்ணீர் குடித்தால் வயிறு வைக்கும்" என்று சொம்பை மறைத்து வைப்பதுதான் எனக்குக் கோபம் வரவைக்கும் ஒரே பத்தியம். பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் தாகம் எடுக்கும், குடியுங்கள். பண்ருட்டிப் பலாச்சுளை இரண்டு தின்றால் பிள்ளைக்கு மாந்தம் வந்துவிடாது. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளைப் பிரசவத்துக்குப் பிறகு ஆறு மாதம் விடாமல் போடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தருவார்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. இதைக் கேட்டதற்கே உங்களுக்கு நன்றி. தாய் எதைப் பெறுகிறாள் என்று யாரும் அவளிடம் சொல்வதில்லை, அவளும் கேட்பதில்லை.

பிள்ளை இழுத்துக் குடிக்கும்போது அடிவயிறு இழுத்துப் பிடிப்பதை இந்த நாட்களில் உணர்ந்திருப்பீர்கள். பாலை வெளியே தள்ளும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன், கருப்பையையும் சுருக்குகிறது. அதனால் இரத்தப்போக்கு குறைகிறது, கருப்பை பழைய அளவுக்கு விரைவில் திரும்புகிறது. நம் பெண்களில் இரத்தசோகை எவ்வளவு என்று தெரிந்தவர்களுக்கு, சேமித்த ஒவ்வொரு சொட்டு இரத்தத்தின் மதிப்பும் தெரியும். மார்பகப் புற்றுநோய் பற்றி 30 நாடுகளின் 47 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து 2002-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த முடிவு இது: ஒரு பெண் தன் வாழ்நாளில் பால் கொடுக்கும் ஒவ்வொரு பன்னிரண்டு மாதத்துக்கும் அவளுக்கு அந்த நோய் வரும் வாய்ப்பு 4.3 சதவீதம் குறைகிறது. இரண்டு பிள்ளைக்கு இரண்டிரண்டு ஆண்டு கொடுத்த தாய்க்கு அது எவ்வளவு கூடும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சூலகப் (சினைப்பைப்) புற்றுநோய், சர்க்கரை நோய் ஆகியவற்றின் வாய்ப்பும் குறைகிறது.

ஆறு மாதத்துக்குள், தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, இரவிலும் இடைவெளி விடாமல் கொடுத்து, மாதவிடாயும் திரும்பவில்லை என்றால் மறுபடி கருத்தரிக்காமல் இருக்கும் வாய்ப்பு 98 சதவீதம். இந்த நிபந்தனைகளில் ஒன்று தவறினாலும் அதை நம்பக்கூடாது. செவிலியரிடம் வேறு வழி கேளுங்கள். உடம்பு இளைத்துவிடும் என்று மட்டும் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், சிலருக்கு இளைக்கும், சிலருக்கு இளைக்காது.

பிள்ளைக்கு வயிற்றுப்போக்கும் நிமோனியாவும் காதுச் சீழும் குறைகின்றன; தூக்கத்தில் காரணம் தெரியாமல் நேரும் திடீர் மரணமும் குறைகிறது. உலகம் முழுவதும் தாய்ப்பால் கொடுப்பது ஏறக்குறைய எல்லாருக்கும் பரவினால் ஆண்டுக்கு 8,23,000 குழந்தைகளின் மரணத்தைத் தடுக்கலாம் என்று 2016-இல் லான்செட் கணக்கிட்டது. "பிள்ளை மேதையாகும்" என்று விளம்பரம்போலச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பிள்ளை உயிரோடும் நலமாகவும் இருப்பதே போதுமான காரணம்.

இதை நான் புள்ளிவிவரத்தில் கற்றுக்கொள்ளவில்லை. 2011 டிசம்பர் இறுதியில் 'தானே' என்ற புயல் அடித்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. 2015 நவம்பரில் வெள்ளம் வந்தபோது குடிக்கத் தண்ணீருக்கே முகாமில் வரிசை. புட்டிப்பால் பிள்ளைகளின் தாய்மார் வெந்நீருக்கு அடுப்பைத் தேடி அலைந்தார்கள், புட்டியைக் கழுவிய தண்ணீரே கலங்கலாக இருந்தது, அந்தப் பிள்ளைகளுக்குத்தான் முதலில் பேதி கண்டது. பள்ளிக்கூட வராந்தாவில் ஓரமாகச் சேலையால் மூடிப் பால் கொடுத்துக்கொண்டிருந்த தாய்மாருக்கு அந்தத் தேடல் இல்லை. அவர்களுக்கு ஒரு தட்டுச் சோறு கிடைத்தால் போதுமாயிருந்தது.

பவுடர் பாலைப் பற்றிச் சட்டமே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1992-இல் வந்து 2003-இல் இறுக்கப்பட்ட மத்திய அரசுச் சட்டம், இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான மாற்றுப்பாலையும் பால்புட்டியையும் விளம்பரம் செய்வதையும், தாய்மாருக்கு இலவச மாதிரியோ பரிசோ கொடுப்பதையும் தடைசெய்கிறது. அப்படியிருந்தும் ஒரு தனியார் மருத்துவமனையில் என் உறவுக்காரப் பெண்ணுக்கு அறுவைப் பிரசவம் ஆனபோது, தாய் மயக்கம் தெளியும் முன்பே பிள்ளைக்குப் புட்டி கொடுத்துவிட்டிருந்தார்கள். அறுவை சிகிச்சை ஆனாலும் தாய் கண் விழித்ததும், பக்கத்தில் ஒருவர் பிள்ளையைத் தாங்கிக்கொண்டால், படுத்தபடியே கொடுக்கலாம். அந்தப் பெண்ணை மறுபடி முழுத் தாய்ப்பாலுக்குக் கொண்டுவர எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. இரண்டு மணிக்கொரு தரம் மார்பில் வைத்து, குறைக்கக் குறைக்கக் கொடுத்த மாற்றுப்பாலையும் புட்டியில் விடாமல் பாலாடை என்ற மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தில் ஊட்டி மீட்டோம். ஏற்கெனவே புட்டி தொடங்கிவிட்டவர்கள் இதைப் படித்தால், கதவு மூடிவிடவில்லை என்று தெரிந்துகொள்ளட்டும்.

பால் மிகுதியாக ஊறும் தாய்மாருக்கு ஒரு செய்தி. புதுச்சேரி ஜிப்மரில் 2016 முதல் 'அமுதம்' என்ற பெயரில் தாய்ப்பால் மையம் இயங்குகிறது. தானமாகப் பெறும் பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கிக் கிருமி நீக்கி, குறைமாதத்திலும் எடை குறைந்தும் பிறந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். நாட்டின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது. இப்போது நம் வாசலுக்கே வந்திருக்கிறது.

வேலைக்குத் திரும்புவது பற்றி. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு பயன்கள் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டபோது வந்த, முதல் இரண்டு பிள்ளைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு என்ற உரிமை, 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும், திரும்பிய பிறகு பிள்ளைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பாலூட்ட இரண்டு இடைவேளை உண்டு. தொழிற்சாலையில் மனிதவளப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள், வெட்கப்பட ஏதுமில்லை. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களுக்கு இந்தச் சட்டத்தின் நிழல்கூட எட்டவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம். பிள்ளை பெற்ற நாற்பதாம் நாளில், கொட்டை எண்ணெய் பட்டுக் கறுத்துத் தோலுரிந்த கையோடு வந்து, சோப்புப் போட்டு மூன்று முறை தேய்த்துக் கழுவிவிட்டுப் பிள்ளையை வாங்கும் தாய்மாரைப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் திரும்பும்போது பிள்ளை கூழும் சோறும் தொடங்கியிருக்கும், எனவே பயப்படும் அளவுக்குச் சிரமம் இருக்காது. காலையில் கிளம்பும் முன்பும் மாலையில் வந்ததும் இரவு முழுவதும் மார்பில் கொடுக்கலாம். பகலுக்குப் பால் பீய்ச்சி வைக்கலாம். கையைக் கழுவி, வெந்நீரில் கொதிக்கவைத்த எவர்சில்வர் கிண்ணத்தில், கருவட்டத்தின் விளிம்பில் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் வைத்து, மார்புக் கூட்டை நோக்கி அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு எடுக்க வேண்டும். தோலின் மேல் இழுத்து உருவக்கூடாது. குளிர்ந்த அறையில் நான்கு மணி நேரம் தாங்கும். நம் ஊர் வெயிலில் அவ்வளவு காத்திருக்காமல் உடனே ஃப்ரிட்ஜின் உட்புறத்தில் வைத்து, இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். கிண்ணத்தை வெந்நீரில் நிறுத்திச் சூடேற்ற வேண்டும், அடுப்பில் வைக்கக்கூடாது. மாமியார் அதைப் பாலாடையிலோ சின்ன டம்ளரிலோ ஊட்டட்டும். தமிழகப் பேருந்து நிலையங்களில் 2015 முதல் பாலூட்டும் அறைகள் வந்திருக்கின்றன. பயணத்தில் தயங்காமல் சாவி கேட்டுத் திறக்கச் சொல்லுங்கள்.

எப்போது காத்திருக்கக்கூடாது? பிள்ளை எழுப்பியும் பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால், உடம்பு கொதித்தால் அல்லது சில்லிட்டால், மூச்சு வாங்கினால், ஐந்தாம் நாளுக்குப் பிறகும் நனையும் துணிகள் மூன்று நான்கைத் தாண்டவில்லை என்றால், மஞ்சள் நிறம் உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்கினால் உடனே மருத்துவமனை. மஞ்சள்காமாலைக்கு வெயிலில் காட்டிக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம். உங்களுக்குக் காய்ச்சலோ அதிக இரத்தப்போக்கோ கண்டால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்; காரணமில்லாமல் அழுகையும் பிள்ளையைப் பார்க்கவே பிடிக்காத மனநிலையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதுவும் மருத்துவரிடம் சொல்ல வேண்டியதே.

கடைசியாக உங்கள் மாமியாரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அம்மா, நீங்கள் பயப்படுவது பேரன் மேல் உள்ள பாசத்தால் என்று எனக்குத் தெரியும். பவுடர் பாலுக்குக் கொடுக்கும் பணத்தில் முட்டையும் மத்தியும் வாங்குங்கள். இரவு இரண்டு மணிக்குப் பேரன் எழும்போது, "மறுபடியும் பசியா" என்று கேட்பதற்குப் பதிலாக, மருமகள் முதுகுக்குத் தலையணை வைத்து, கையில் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுங்கள். குடித்து முடித்ததும் ஏப்பம் விடவைக்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டால் அவள் அரை மணி நேரம் கூடுதலாகத் தூங்குவாள். காலையில் கொடியில் துணிகளை எண்ணுவதும் உங்கள் பொறுப்பு.

பத்தாம் நாளுக்குப் பிறகு, அதே தராசில், துணி இல்லாமல் எடை போடுங்கள். 3.1-ஐத் தொட்டுவிட்டானா என்று ஒரு வரி எழுதுங்கள், காத்திருக்கிறேன்.